தவமணி விட்டுக்கொடுக்காத சாலை

திங்கட்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, திருநகரில் என் கடையில் உட்கார்ந்து, மாவுக்கட்டுப் போட்ட வலது கையில் உளியை ஊன்றி, இடது கையால் ஒரு கிரைண்டர் கல்லைக் கொத்திக்கொண்டிருந்தேன். உளிச் சத்தத்தில் போன் அடித்தது காதில் விழவில்லை. மூன்றாவது முறைதான் எடுத்தேன். தவமணியின் கணவர் பாண்டி. தையல்காரர், எப்போதும் தணிந்த குரலில் பேசுகிறவர். அன்றும் தணிந்தே பேசினார்.

"அண்ணே, தவமணிய லாரி அடிச்சிருச்சுண்ணே. போயிட்டாண்ணே."

நான் கேட்டது ஒரே கேள்விதான். "எந்த ரோட்டுல?"

"தல்லாகுளத்துலண்ணே. ஆபீசுக்குப் போகையில சிக்னல்ல வண்டியோட நின்னுருக்கா. தண்ணி லாரிக்காரன் பின்னாடி இருந்து ஏத்திட்டான்."

அந்தச் சாலை இல்லை என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு இறங்கியது. மனைவியைப் பறிகொடுத்தவரிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டேன். பதிலைக் கேட்டு நிம்மதியும் அடைந்தேன். அதற்காக நான் வெட்கப்படவில்லை. ஏன் என்று சொல்வதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஓட்டக் குழுவின் ஆண்டு மலருக்குத் தவமணியைப் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். இந்தக் குழுவை விட்டு நான் விலகி இரண்டு மாதம் ஆகிறது. இருந்தாலும் ஒரு வரியையும் வெட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தேன். நான் எட்டாவது வரை படித்தவன். எழுதப் பழகியது நூலகத்தில். ஓடப் பழகியது அதே நூலகத்தில் எடுத்த இரண்டு புத்தகங்களை வைத்து. இரண்டையும் எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை, ஆகவே எவரும் திருத்தவும் வேண்டாம்.

முதலில் உங்களைத் திருத்துகிறேன். "ஓடிக்கொண்டே விடைபெற்றார்" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதினீர்கள், பாண்டி எனக்குக் காட்டினார். தவமணி ஓடவில்லை. ஸ்கூட்டர் கொக்கியில் சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு, தலைக்கவசம் போட்டுக்கொண்டு, சிவப்பு விளக்குக்குக் கட்டுப்பட்டு நின்றார். விதியை மதித்து நின்ற இடத்தில் கொல்லப்பட்டார். "ரோட்ல ஓடிக்கிட்டே இருந்தா ஒருநா இப்படித்தான்" என்று சுடுகாட்டில் வைத்து ஒருவர் என்னிடமே சொன்னார். அவரை அடித்திருப்பேன். வலது மணிக்கட்டு எலும்பு அப்போது சரியாகக் கூடியிருக்கவில்லை.

தவமணியை நான் முதலில் பார்த்தது ஆறு ஆண்டுகளுக்கு முன்பு. கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். மழையில் நனைந்த என் ஷூ இரண்டும் ஒரு கல்லின் மேல் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றையும் என் நரைத்த தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல உங்கள யாருண்ணே விரட்டுறது?" என்று கேட்டார். சர்க்கரை வியாதி விரட்டுகிறது என்றேன். அடுத்த வாரம் பள்ளி மைதானத்துக்கு வெறுங்காலோடு வந்து நின்றார். தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர் அவர். லிஃப்ட் இல்லாத கட்டடம். "மூணு மாடிக்குத் தண்ணி கேன் தூக்குனவளுக்கு ஓட்டம் என்னண்ணே, வெறுங்கைய வீசிக்கிட்டுப் போறதுதானே" என்பார். ஒரே மாதத்தில் என்னை முந்தினார். அதற்குப் பிறகு அவருடைய முதுகைத்தான் நான் பார்த்தேன். நான் அவருக்கு ஆசான் என்று உங்களில் சிலர் பேசுகிறீர்கள். நான் பயிற்சி அட்டவணை போடுவேன், அவர் அதைக் கிழித்துப் போடுவார். எங்கள் உறவு அவ்வளவுதான்.

அவர் சாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் காலையில் நாங்கள் பத்து கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது, பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் அவர் முதுகில் ஓங்கி ஓர் அறை அறைந்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான். நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. வாட்ச்சைப் பார்த்தார், வேகத்தைக் கூட்டினார். சரக்கு ரயில் வரும் நேரம் அது, ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி ரயில்வே கேட் மூடியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். நான் போய்ச் சேர்ந்தபோது, மூடிய கேட்டுக்கு முன்னால் அந்த ஆள் வண்டியோடு கீழே கிடந்தான். தவமணி அவன் நெஞ்சில் ஒரு முழங்காலை ஊன்றி, கழற்றிய ஷூவால் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தார். பல் ஒன்று உடைந்து தார்ச்சாலையில் கிடந்தது. ரயில் கடந்ததும் எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டார். "வாங்கண்ணே, இன்னும் நாலு கிலோமீட்டர் பாக்கி" என்றார்.

நாற்பத்தொன்பதாவது வயதில் அவர் முழு மராத்தான் ஓடுவதென்று முடிவு செய்தார். பாதி தூரம் போதாதா என்று பாண்டி கேட்டதற்குச் சொன்ன பதில் இது: "நாள் முழுக்க ஒவ்வொரு மேசையா நின்னு கையெழுத்து வாங்குறேன். நாப்பத்திரெண்டு கிலோமீட்டர், அம்புட்டுத் தூரமும் எவன்கிட்டயும் கையெழுத்து வாங்காமப் போகணும்."

நீண்ட ஓட்டங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. தல்லாகுளத்தில் அவர் அலுவலகத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டு அழகர்கோவில் சாலையில் ஓடுவோம். பஸ் நெரிசலுக்குப் பயந்து, பாதியில் பிரிகிற ஒரு கிளைச் சாலையில் இறங்கி, வயல்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டு திரும்புவோம். அந்த வழியில் ஒரு கிராமம். அதன் பெயரை எழுத மாட்டேன். வழக்குக்குப் பயந்து அல்ல. மலரில் பெயர் அச்சாகும் மரியாதை அவர்களுக்கு வேண்டாம் என்பதால்.

இனி நான் எழுதப்போவது என் குற்றம். வேறு எவரும் எனக்காக எழுதிவிடக் கூடாது என்பதால் நானே எழுதுகிறேன்.

அந்த வழியில் கடைகள் இல்லை. அதனால் சனிக்கிழமை மாலை நான் மொபெட்டில் போய், ஐந்து இடங்களில் தண்ணீர் பாட்டில்களைப் புதைத்துவிட்டு வருவேன். மேலே வைத்தால் நாய் இழுக்கும், ஆள் எடுப்பான். எலுமிச்சையை முதல் நாளே பிழிந்துவிட்டால் தண்ணீர் கசந்துபோகும். ஆகவே ஒரு பழத்தை இரண்டாக வெட்டி, உப்பில் புரட்டி, தனியாக வைப்பேன். தவமணி அதைச் சப்பிக்கொண்டே தண்ணீர் குடிப்பார். பாட்டிலையும் பழத்தையும் ஒரு துணியில் சுற்றி, துணியின் முனை மட்டும் மண்ணுக்கு வெளியே தெரியும்படி விடுவேன். விடிவதற்கு முன்பு டார்ச் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிவது சிவப்புத் துணி. எளிதில் அடையாளம் காணக்கூடிய இடம் முச்சந்தி.

முதல் முதலாகச் சிவப்பை எடுத்த சனிக்கிழமையே தவமணி வேண்டாம் என்று சொன்னார். "செவப்பு வேண்டாம்ணே. முச்சந்தியும் வேண்டாம். கண்டவங்க கண்டபடி நினைப்பாங்க" என்றார். துணி என்பது நூல், நூலுக்கு நிறம் என்பது சாயம், இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று அரை மணி நேரம் வாதாடினேன். பேயும் இல்லை, செய்வினையும் இல்லை என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறவன் நான். என்னோடு வாதாடி ஜெயித்தவர்கள் குறைவு. அவர் களைத்துப்போய், "என்னமோ செய்யுங்க" என்று விட்டுவிட்டார். மறுநாள் அமாவாசை. என் வீட்டில் நாட்காட்டி உண்டு. அதில் நான் அமாவாசை பார்ப்பதில்லை.

அந்தக் கிராமத்தில் அந்த மாதம் இரண்டு கன்றுக்குட்டிகள் செத்திருந்தன. ஒரு வீட்டில் மருமகளுக்கு ஐந்து மாதக் கரு கலைந்திருந்தது. இது எங்களுக்குத் தெரியாது.

மராத்தானுக்கு ஆறு வாரம் இருந்தது. இருபத்தெட்டு கிலோமீட்டர் ஓட வேண்டிய ஞாயிறு. வழக்கம்போல் தவமணி பத்து நிமிடம் முன்னால் போய்விட்டார். முச்சந்தியில் மண்டியிட்டு, மூன்றாவது பொட்டலத்தைக் கையால் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தபோது கிழக்கு வெளுத்துவிட்டது. பால் கேனோடு வண்டியில் வந்த ஒருவன் பார்த்தான். அமாவாசை விடியலில், ஊர் எல்லையில், கூந்தல் அவிழ்ந்த ஒரு பெண் கையில் சிவப்புத் துணி, வெட்டிய எலுமிச்சை, உப்பு. அவன் ஊரைக் கூப்பிட்டான்.

நான் போய்ச் சேருவதற்குள் நடந்ததை அவரே பிறகு சொன்னார். முதலில் கரு கலைந்த பெண்ணின் மாமியார்தான் முடியைப் பிடித்து இழுத்திருக்கிறார். யாருடி நீ, எந்த ஊருடி, யாரு மக என்று கேட்டிருக்கிறார்கள். தவமணி அப்பா பெயரையும் ஊரையும் சொன்னார். நம் பக்கத்தில் அந்த இரண்டும் தெரிந்தால் மூன்றாவதாக எதையும் கேட்க வேண்டியதில்லை. அதுவரை கையால் அடித்தவர்கள் அதற்குப் பிறகு செருப்பால் அடித்தார்கள்.

நான் பார்த்தபோது இருபது பேர் வளையமாக நின்றார்கள். நடுவில் அவர் முழங்காலிட்டிருந்தார். உதடு கிழிந்து ரத்தம் பனியன் மேல் வழிந்திருந்தது. ஒருவன் விலாவில் உதைத்தான், அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. எவன் ஏவிவிட்டான் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எவனும் ஏவல. இது என் தண்ணி."

அதை வைத்தது நான் என்று கத்திக்கொண்டே வளையத்துக்குள் புகுந்தேன். பால்காரன் சிரித்தான். "பெருசு, பொம்பளைக்காகப் பழியத் தூக்கிச் சுமக்காத, போ" என்றான். நான் போகவில்லை. ஒரு கம்பு தலையை நோக்கி வந்தது, கையைத் தூக்கினேன், மணிக்கட்டு முறிந்தது. இடது கையால் பால்காரன் மூக்கில் குத்தினேன். எலும்பு நகர்ந்ததை என் முட்டி உணர்ந்தது. அந்தக் குத்தை நினைத்து இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

மாமியார் பாட்டிலைத் திறந்து தவமணியின் முகத்துக்கு நேரே நீட்டினார். "நீ வச்சத நீயே குடிடீ. குடிச்சிட்டு உசிரோட எந்திரி பாப்போம்" என்றார்.

தவமணி வாங்கினார். ஒரு லிட்டரையும் நிறுத்தாமல் குடித்தார். கீழே கிடந்த எலுமிச்சை மூடியை எடுத்து, மண்ணை ஊதிவிட்டு, அதையும் சப்பினார். கிழிந்த உதட்டில் உப்பு பட்டபோது முகம் கோணவில்லை. பிறகு சொன்னார்: "வழியில இன்னும் ரெண்டு இருக்கு. அதையும் எடுத்தாங்க. தாகமா இருக்கு."

வளையம் தளர்ந்தது. இரக்கத்தால் அல்ல. தான் வைத்த வினையைத் தானே குடித்துவிட்டு எழுந்து நிற்கிறவளை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு பஸ் வரும் சாலை வரை நடந்தோம்.

"பெரியவர் வச்சது" என்று இரண்டு சொல் அவர் சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். ஏன் சொல்லவில்லை என்று பஸ்ஸில் கேட்டேன். "அடி ஒண்ணுதான் இருந்துச்சு. எதுக்கு ரெண்டு பேரு வாங்கணும்? நீங்க வேற கேக்காமயே வந்து வாங்கிட்டீங்க" என்றார். சிரிக்கப் பார்த்து, விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

சிவப்புத் துணி என் குற்றம். அடி அவர்கள் குற்றம். இரண்டையும் ஒன்றாகப் பிசைய எவரையும் விடமாட்டேன்.

விலா எலும்பு இரண்டில் விரிசல், ஆறு வாரம் ஓய்வு என்றார் மருத்துவர். காவல் நிலையம் போவோம் என்றேன். தவமணி மறுத்தார். "ஸ்டேஷனுக்கு நடக்குற நடையிலயே மராத்தான் தூரம் முடிஞ்சிரும்ணே" என்றார். அதில் பயம் இல்லை. அந்த ஆறு வாரங்களை அவர்களுக்குக் கொடுக்க அவருக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

குழுவில் நான் நடந்ததை எழுதினேன். நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை உங்களுக்கு நினைவூட்டுகிறேன். பதினோரு பேர் கைகூப்பும் படம் போட்டீர்கள். ஒரு பெண் தனியாக ஏன் முன்னால் போனார் என்று ஒருவர் கேட்டார். அந்தப் பக்கத்து ஆட்கள் ஒரு மாதிரி என்றார் இன்னொருவர். எந்தப் பக்கத்தை என்று அவர் விளக்கவில்லை. இனிமேல் எல்லோரும் விளையாட்டு அரங்கத்தின் வட்டப் பாதையில் ஓடலாம் என்று குழுத் தலைவர் முடிவு சொன்னார். அதே நிமிடம் நான் விலகினேன். தவமணி விலகவில்லை. "படம் போடுறவங்களும் நாலு பேரு இருக்கட்டும்ணே" என்றார்.

அவர் வீட்டில் பாண்டி தையல் மெஷினை நிறுத்திவிட்டு என்னிடம் கும்பிட்டுக் கேட்டார். மராத்தான் ஓடட்டும், ஆனால் வேறு சாலையில் பயிற்சி செய்யச் சொல்லுங்கள், எத்தனையோ சாலை இருக்கிறது என்றார். அது நியாயமான பேச்சு. நானும் முதல் முறையாக ஓர் எதிர்வாதம் இல்லாமல் தலையாட்டினேன். உள்ளே படுத்திருந்த தவமணி எழுந்து வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த ரோட்ட விட்டுட்டு நாப்பத்திரெண்டு ஓடுனேன்னா, அவங்களுக்கு விட்டுக்குடுத்தது போக மிச்சத்துல ஓடுனதா ஆயிரும். அது எனக்கு வேண்டாம்."

பாண்டி மறுபடி மெஷினில் உட்கார்ந்தார். விலாவைச் சுற்றி இறுக்கிக் கட்டுவதற்கு நான்கு விரல் அகலத்தில் ஒரு கனத்த துணிப்பட்டை தைத்தார். அவர் எதிர்ப்பும் சம்மதமும் அந்தப் பட்டையில் இருந்தன.

ஒரே ஒரு ஞாயிறுதான் விட்டார். அதற்கடுத்த ஞாயிறு நாங்கள் மறுபடி அந்தக் கிளைச் சாலையில் இறங்கினோம். என் கையில் மாவுக்கட்டு. அவர் விலாவில் பட்டை. மூச்சை ஆழமாக இழுத்தால் வலி குத்தும் என்பதால், நாய் இளைப்பதுபோல் மேலாக மூச்சு விட்டுக்கொண்டு ஓடினார். முச்சந்தியைத் தாண்டும்போது ஒரு வீட்டு வாசலிலிருந்து சாணிக் கரைசல் ஒரு வாளி நிறைய அவர் மேல் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினார். மீதி பன்னிரண்டு கிலோமீட்டரும் அந்த வாடையோடு.

அடுத்த ஞாயிறு கல். எங்கிருந்து வந்தது என்று தெரியாது. முதல் கல் என் முதுகில், இரண்டாவது கல் அவர் தொடையில். தவமணி நின்றார். திரும்பினார். சாலையை விட்டு ஊருக்குள் ஓடினார். ஓடாதே என்று நான் கெஞ்சினேன், அதையும் எழுதத்தான் வேண்டும். அவர் நேரே பால்காரன் வீட்டு வாசலுக்குப் போய் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அந்தத் தெருவில், அந்த அப்பா பெயரைச் சொன்ன ஒரு பெண், ஒரு வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்பது என்னவென்று இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பால்காரன் வெளியே வந்தான். மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாசலை மறித்து நின்றான். தவமணியும் போகவில்லை. அன்றைய கணக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர், சும்மா நின்றால் கால் இறுகிவிடும். ஆகவே நின்ற இடத்திலேயே, அவன் வாசலில், முழங்காலைத் தூக்கித் தூக்கி ஓடிக்கொண்டிருந்தார். தெரு கூடியது. இருபது நிமிடம். யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. அடிக்கவும் இல்லை. ஒரு கிழவன் மட்டும், "இது என்னடா கூத்து" என்று முனகினான்.

"சரி. அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவேன்" என்றார் தவமணி. "அப்பவும் தாகமாத்தான் இருக்கும்."

அடுத்த ஞாயிறுதான் கடைசி நீண்ட ஓட்டம், முப்பத்தைந்து கிலோமீட்டர். நான் மாவுக்கட்டு இல்லாத கையில் ஒரு இரும்புக் குழாயை எடுத்துக்கொண்டு போனேன். தேவைப்படவில்லை. எங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. தெருவில் நின்ற ஒரு குழந்தையை யாரோ கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். ஆறு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அவர்கள் மனம் மாறவில்லை. அவரை உண்மையாகவே சூனியக்காரி என்று முடிவு செய்து பயந்துவிட்டார்கள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இதைவிடக் கல்லே மேல் என்றேன். ஒவ்வொரு கதவாகத் தட்டி, உப்பும் எலுமிச்சையும் எதற்கென்று விளக்கப் போகிறேன் என்றேன். தவமணி இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். விலா வலியில்லாமல் அவர் சிரித்தது அன்றுதான்.

"வெளக்கி என்ன ஆகப்போகுதுண்ணே? பயப்படட்டும். பயந்தா ரோடு காலியா இருக்கும்."

முப்பத்தைந்தையும் முடித்தார். தல்லாகுளம் வந்து ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, கறுத்துத் தொங்கிய பெருவிரல் நகத்தைத் தானே பிடுங்கித் தூர எறிந்தார். இன்னும் ஏழு கிலோமீட்டர்தான், அதை நின்ற இடத்திலேயே ஓடிவிடுவேன் என்றார். மறுநாள் காலை பத்தே முக்காலுக்குப் பாண்டி போன் செய்தார். மராத்தானுக்குப் பதின்மூன்று நாள் இருந்தது.

சுடுகாட்டிலிருந்து வந்த பிறகு, அந்த வார ஞாயிறு தனியாக அந்தச் சாலையில் இறங்கினேன். என் வேகம் உங்களுக்குத் தெரியும். முச்சந்திக்குப் போனபோது நன்றாக விடிந்திருந்தது. பால்காரன் வண்டியை நிறுத்தி நின்றுகொண்டிருந்தான். பின்னால் வாசலில் அந்த மாமியார். இன்னும் நாலைந்து பேர். என் பின்னால் சாலை காலியாக இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

"என்ன பெருசு, ஒத்தையா வார?" என்றான். "எங்க அந்தப் பொம்பள?"

நான் அவர்கள் முகங்களைப் பார்த்தேன். செத்துவிட்டார் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று அந்த முகங்களில் எழுதியிருந்தது. சாயங்காலத்துக்குள் எல்லைச் சாமிக்குக் கிடா வெட்டிவிடுவார்கள். எங்க சாமி கேட்டுருச்சு என்பார்கள். முடியைப் பிடித்து இழுத்த கைக்கும் விலாவில் விழுந்த உதைக்கும் அதோடு நியாயம் கிடைத்துவிடும். தண்ணி லாரி ஓட்டியவனின் கவனக்குறைவு அந்த ஊர் சாமியின் தீர்ப்பாகிவிடும். பாண்டியிடம் நான் அன்று கேட்ட கேள்வியின் பொருள் இதுதான். அந்தச் சாலையில் அவர் செத்திருந்தால் இதைத் தடுக்க என்னால் முடிந்திருக்காது.

என் அறுபத்தேழு வயதில் நான் வாதத்தில் பலரைக் காயப்படுத்தியிருக்கிறேன், பொய் சொல்லி எவரையும் ஏமாற்றியதில்லை. அந்தப் பெருமையை அங்கே இறக்கி வைத்தேன்.

"பின்னாடி வாரா" என்றேன்.

பால்காரன் என் தோளுக்கு மேலே சாலையைப் பார்த்தான். மாமியார் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நான் நிற்காமல் ஓடினேன்.

மராத்தான் நடந்த அன்று அவர் படம் அச்சிட்ட பனியன்களை அணிந்து நீங்கள் ஓடினீர்கள். நல்லது. நான் வரவில்லை. அன்றும் ஞாயிறு, அன்றும் அந்தச் சாலைக்குத்தான் போனேன். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளிலும். சில வாரம் கேட்கிறார்கள், சில வாரம் பார்ப்பதோடு சரி. ஒரு வாரம் நான் போகாவிட்டாலும் அவர்களுக்குப் பதில் தெரிந்துவிடும். ஆகவே காய்ச்சலோடும் போனேன்.

தவமணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு பொய்யும், அதை உயிரோடு வைத்திருக்க வேண்டிய பதினாறு கிலோமீட்டரும். முழுச் சுற்றும் இப்போது என்னால் முடிவதில்லை. எனக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, இடது முழங்கால் வீங்குகிறது. இந்தச் சுமையை இன்னும் எத்தனை வாரம் தனியாகத் தூக்குவேன் என்று தெரியவில்லை.

படம் போட்ட பதினோரு பேரிடமும், போடாதவர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். மலரில் பூமாலைப் படம் வேண்டாம். நினைவுக் கோப்பை ஓட்டம் வேண்டாம். ஒரு ஞாயிறு வட்டப் பாதையை விட்டு வெளியே வாருங்கள். அழகர்கோவில் சாலையில் பாதி தூரம் போனால் கிளைச் சாலை வலப்பக்கம் பிரியும். முச்சந்தியில் ஒருவன் உங்களை நிறுத்தி அந்தப் பொம்பளை எங்கே என்று கேட்பான். மூக்கு சாய்ந்திருக்கும், அடையாளம் தெரியும். பின்னால் வருகிறார் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடுங்கள்.